பூமாரி எடுத்த முதல் முகம்

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ. படம் எடுப்பது என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம். கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவது நான், சாரதா. கண் மூடிவிட்டது, மூக்கு பெரிதாக விழுந்துவிட்டது என்று சண்டைக்கு வந்த ஆட்களை எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு முழுச் சுருளில் ஒரு மனித முகம்கூட இல்லாமல் கொண்டுவந்து, கழுவிப் பிரிண்ட் போட்டுத் தாருங்கள் என்று கேட்டவள் பூமாரி ஒருத்திதான்.

சுற்றிலும் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம் அது. தெற்கிலிருந்து பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். பக்கத்து ஊரான மண்ணூரில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட வெள்ளையடித்து வாடகைக்கு விட்டார்கள். பூமாரி விளாத்திகுளம் பக்கத்துப் பெண். டி.வி.க்குள் வைக்கிற சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் வேலை. அதே லைனில் வேலை பார்த்த வேல்விழியோடு மண்ணூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். யாரோ வேலையை விட்டுப் போகும்போது விற்ற பழைய கேமரா ஒன்று அவளிடம் இருந்தது.

லேபிலிருந்து வந்த கவரைப் பிரித்தேன். ரயில், ரயில், ரயில். பாதி எஞ்சின், பாதிப் பெட்டி, சிலவற்றில் வெறும் புகை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“இன்னாம்மா இது? ஒரு ஆளுகூட இல்ல. நீ இல்ல, உன் பிரெண்டு இல்ல. ரயிலப் போயி யாராவது பிலிம் போட்டு எடுப்பாங்களா?”

அவள் கோபப்படவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நாள் பூரா கையெட்டுற தூரத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா. ஒரு போர்டு போனா அடுத்த போர்டு. ஞாயித்துக்கெழமையாவது நீளமா ஒண்ணப் பாக்கணும்னு இருக்கு.”

கவரை மூடிக் கொடுத்தேன். எனக்கும் கல்லாவிலிருந்து எதிர்க்கடைக்கு மேல் எதுவும் தெரியாது.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே கிளம்பிப் போகிற ஒரு கூட்டம் இருக்கிறது என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செங்கல்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரிக்கரையில், காலை வெயிலில், தண்ணீரில் ரயிலின் நிழல் விழும் இடத்துக்கு சென்னையிலிருந்து பெரிய லென்ஸோடு ஆட்கள் வருவார்களாம். அவரவருக்கு என்று இடம் உண்டாம். முதல் தடவை இவளைப் பார்த்து, வழி தவறி வந்துவிட்டாளோ என்று பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொன்னார்களாம். நாலைந்து வாரம் கழித்து நகர்ந்து இடம் கொடுத்தார்களாம். சிங்கப்பெருமாள்கோயில் ரயில்வே கேட்டில் சாயங்காலம் நல்லது. தாம்பரம் நடைமேம்பாலத்தில் எடுக்கப்போய் போலீஸ்காரர் விரட்டியதிலிருந்து ஸ்டேஷன் பக்கமே அவள் கேமராவைத் தூக்குவதில்லை. எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது பழையசீவரம். மலையை ஒட்டித் தண்டவாளம் வளைகிற இடம் அங்கே ஒன்று உண்டு. ஒரு மேட்டில் நின்றால் எஞ்சினும் கடைசிப் பெட்டியும் ஒரே படத்தில் விழும். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் பஸ், அங்கிருந்து செங்கல்பட்டு பஸ். ஒரு படத்துக்காக அரை நாள் போய்விடும்.

படங்கள் வருடத்துக்கு வருடம் நன்றாக வந்தன. என் வீட்டுக்காரரே ஒன்றைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினார். ஆனாலும் நான் விடவில்லை. ஒவ்வொரு சுருளுக்கும், “இந்த தபாவாச்சும் ஒரு மூஞ்சி கீதா?” என்று கேட்பேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

பூமாரிக்கு ஒரு தங்கை, சுகப்பிரியா. அவளைப் பாலிடெக்னிக் படிக்கவைத்தது பூமாரியின் ஓவர்டைம்தான். படிப்பு முடிந்ததும் அப்பா சுடலை மாப்பிள்ளை பார்த்தார். சுகப்பிரியா வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்காவின் அறைக்கு வந்து சேர்ந்தாள், ரயில்வே பரீட்சை எழுதினாள், தேறினாள். பயிற்சி முடிந்து அரக்கோணத்தில் சரக்கு ரயிலுக்கு உதவி டிரைவராகச் சேர்ந்தாள். அன்றைக்கு பூமாரி எங்கள் கடைக்கு லட்டு வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பெண் பிள்ளை ரயில் ஓட்டப் போகிறது என்று கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் வீட்டுக்காரர் உடனே சுகப்பிரியாவை வரவழைத்து, யூனிபார்மில் நிறுத்தி, நீலத் திரைக்கு முன்னால் ஒரு படம் எடுத்தார். இலவசம். பூமாரி அதை அப்பாவுக்கு அனுப்பிவைத்தாள்.

அங்கேதான் வினை வந்தது.

அவர்கள் ஊரில் ஏற்கெனவே ஒருத்தன் ரயில்வேயில் வேலை வாங்கித் தருகிறேன் என்று நாலு குடும்பத்தை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தான். அந்தக் குடும்பத்துப் பையன்களும் யூனிபார்ம் போட்டுப் படம் எடுத்து அனுப்பியவர்கள்தான். நின்றுகொண்டிருந்த எஞ்சினில் ஏறிக்கூட ஒருவன் படம் எடுத்திருந்தான். சுடலை அந்தக் கதை எல்லாம் பார்த்தவர். பூமாரி அனுப்பிய படத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பின்னால் எங்கள் ஸ்டூடியோ முத்திரை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். ஊர்க் கடைக்கு போன் போட்ட பூமாரியிடம் ஒரே பேச்சு.

“ஸ்டூடியோவுல போயி சட்டைய மாட்டிட்டு நின்னா டிரைவரா? ஓடுத வண்டியில இவ ஒக்காந்து போறத நான் பாக்கணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வீட்டுப் பக்கம் வரப்படாது.”

மனிதர் கல் நெஞ்சுக்காரர் என்று நான் திட்டினேன். பூமாரி திட்டவில்லை. “அவரு பயப்படுதாருக்கா. நாங்க ஏமாந்துட்டோமோன்னு பயப்படுதாரு” என்று சொல்லி அழுதாள். அந்த வருடப் பொங்கலுக்கு மண்ணூரில் எல்லா அறைகளும் காலியாகிவிட்டன. இவர்கள் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. எங்கள் முத்திரையால் வந்த வம்பு என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பொங்கலை ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு நானே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு பூமாரிக்கு ஒரே ஒரு படம்தான் வேண்டியிருந்தது. ஓடுகிற வண்டியில், எஞ்சின் ஜன்னலில், தங்கை முகம். செங்கல்பட்டு வழியாகப் போகும் சரக்கு வண்டியில் சுகப்பிரியாவுக்கு வேலை விழும் நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். இடம் பழையசீவரம் வளைவு. வண்டி அங்கே மெதுவாக வரும். முதல் தடவை சரக்கு வண்டி வரவே இல்லை. அடுத்த தடவை வந்தது. உதவி டிரைவர் உட்காருவது வலது பக்கம், இவள் நின்றது இடது பக்கம். படத்தில் மீசைக்கார டிரைவர் ஒருவர்தான் இருந்தார். மூன்றாவது தடவை சரியான பக்கம்தான் நின்றாள். ஆனால் சுகப்பிரியா நேர் முன்னால் பார்த்துக்கொண்டு போனதில் காதும் கொண்டையும்தான் விழுந்தன.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பக் கூடாதா?” என்று நானே சுகப்பிரியாவிடம் கேட்டேன்.

“நான் சிக்னலத்தான்க்கா பாக்கணும். போட்டோவுக்கு எல்லாம் திரும்ப முடியாது” என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வேல்விழிக்கு ஒரு யோசனை. அவர்கள் லைனில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சிவப்பு அட்டை உண்டு. கைவிசிறி அளவில், பிடி வைத்தது. பாகம் தீர்ந்தாலோ சந்தேகம் வந்தாலோ அதைத் தூக்கிக் காட்டினால் போதும், எங்கே நின்றாலும் சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்து ஓடி வருவார். லைன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வருடக்கணக்காக அந்த இரண்டு பெண்களுக்கும் சிவப்பு என்றால் ‘இங்கே பார்’ என்று அர்த்தம். வேறு அர்த்தம் அவர்கள் தலையில் தோன்றவே இல்லை. கூடப் போன எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் கொடுமை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, முகம் விழுகிற அதிசயத்தைப் பார்க்க நானும் புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

மத்தியானம் தாண்டி வண்டி வந்தது. மலை ஓரமாகக் கறுப்பாக எஞ்சின் தலை தெரிந்ததும் பூமாரி கேமராவைக் கண்ணில் வைத்தாள். வேல்விழி மேட்டின் நுனிக்குப் போய், லைனில் தூக்குகிற மாதிரியே கையை முழுக்க உயர்த்தி அட்டையை ஆட்டினாள்.

ஹாரன் அலறியது. பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டி, சக்கரங்கள் கிறீச்சிட்டு, அத்தனை நீள வண்டியும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. எஞ்சின் சரியாக எங்களுக்கு எதிரில். எரிந்த இரும்பு வாடை மூக்கில் ஏறியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேல்விழி அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள் சுகப்பிரியா. முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

“ஏ, ஒங்களுக்குக் கூறு இருக்கா? செவப்பக் காட்டுதீங்களே, செவப்ப! எத்தன டன் வருதுன்னு தெரியுமா? வேலைய விட்டுத் தொரத்துனா நீயா சோறு போடுவ?”

விரலை நீட்டி நீட்டித் திட்டினாள். பூமாரி அசையவில்லை. கேமராவும் கண்ணை விட்டு இறங்கவில்லை. நடுவில் ஒரு ‘க்ளிக்’ கேட்டது. அவள் வேண்டுமென்று அமுக்கினாளா, விரல் தானாக அமுக்கியதா என்று அவளுக்கே தெரியாது.

டிரைவர் நரசிம்மன் கீழே இறங்கி வந்தார். இரண்டாவது தடவை படத்தில் விழுந்த அதே மீசை.

“இன்னாம்மா ஆச்சு? லைன்ல இன்னா கீது? ஏதாவது வுழுந்து கீதா?”

“ஒண்ணும் இல்ல சார். சும்மா கூப்ட்டோம்” என்றாள் வேல்விழி.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு நடந்ததை எல்லாம் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். நடு வழியில் வண்டி நின்றால் மேலே சொல்லாமல் இருக்க முடியாது என்றார். சொன்னார். ரயில்வே போலீஸ் எங்கள் மூவரையும் உட்கார வைத்து, காது புளிக்கத் திட்டி, அபராதம் போட்டு அனுப்பியது. சிவப்பு அட்டையையும் வைத்துக்கொண்டார்கள். அது கிடக்கட்டும். சுகப்பிரியாவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்ததுதான் பூமாரியை உடைத்துப்போட்டது. வேலையில் நிரந்தரம் ஆகாத பெண். வீட்டுக்குப் போகும் வழியைத் திறக்கப் போய், தங்கை பிழைப்பையே மூடிவிட்டேனே என்று சோறு இறங்காமல் கிடந்தாள். பிலிமைக் கழுவக் கொடு என்று நான் கேட்டதற்கு, “அதத் தொடாதீங்கக்கா” என்றாள். தொடவில்லை.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் கடைக்குள் சுகப்பிரியா நுழைந்தாள். கூடவே பூமாரி, அழுது வீங்கிய முகத்தோடு.

“இன்னா சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“ஆபீசரு கேட்டாருக்கா. அட்டையக் காட்டுனது யாருன்னு ஒனக்குத் தெரிஞ்சுதான்னு. தெரிஞ்சுது சார், பக்கத்துல நின்னது எங்க அக்கான்னேன். அக்கான்னு தெரிஞ்சும் ஏன் டிரைவர்கிட்ட ‘செவப்பு’ன்னு சத்தம் குடுத்த, சும்மா வெளையாடுதாங்கன்னு விட்டிருக்கலாம்லன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“செவப்பு தெரிஞ்சா யாரு காட்டுதான்னு பாக்கப்படாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்கன்னேன்.”

நரசிம்மனும் பக்கத்தில் நின்று, “இந்தப் பொண்ணு கூட வந்தா நான் நிம்மதியா வண்டி ஓட்டுவேன் சார்” என்றாராம். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா மட்டும் இனித் தண்டவாளப் பக்கம் எதையும் ஆட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பூமாரி அழுதது சந்தோஷத்தில். கேட்டுவிட்டு நானும் அழுதேன்.

அன்றைக்கே பிலிம் லேபுக்குப் போனது. வந்த கவரைப் பிரித்துப் பார்த்து என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எஞ்சின் ஜன்னல், பின்னால் வரிசையாகப் பெட்டிகள், அதற்கும் பின்னால் மலை. ஜன்னலில் சுகப்பிரியா. கொண்டை அவிழ்ந்து, கண் உருண்டு, வாய் திறந்து, நீட்டிய விரல் படத்தை விட்டே வெளியே வருகிற மாதிரி. பூமாரி எடுத்த முதல் முகம் அதுதான்.

“இதப் போயி அப்பாவுக்கு அனுப்பாதக்கா. பேய் மாதிரி இருக்கேன்” என்றாள் சுகப்பிரியா. பூமாரிக்கும் தயக்கம். வேறு நல்லதாக ஒன்று எடுக்கலாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கவரை நானே ஒட்டி, பின்னால் முத்திரை குத்தாமல் அனுப்பிவைத்தேன்.

பதில் இல்லை. ஊர்க் கடைக்கு போன் போட்டால் சுடலை ஊரில் இல்லை என்றார்கள். இதுவும் வீணா என்று பூமாரி சோர்ந்துபோன சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடை திறக்கும்போது வாசலில் ஒரு பெரியவர். கையில் மஞ்சள் பை, தோளில் துண்டு. பழைய படத்தின் முத்திரையைக் காட்டிக் காட்டி வழி கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார். உள்ளே வந்தவர் முதலில் எங்கள் நீலத் திரையைப் பார்த்தார், தொட்டும் பார்த்தார். பிறகு இரண்டு படங்களையும் கல்லாவில் வைத்தார்.

“இது நீங்க எடுத்ததா?”

“ஆமாங்க. அது எங்க வூட்டுக்காரர் எடுத்தது.”

“இது?”

“அது உங்க பெரிய பொண்ணு எடுத்ததுங்க.”

“அதான பாத்தேன்” என்றார். “நீங்கன்னா இந்த வாய மூடச் சொல்லியிருப்பீகள்லா. இவ ஆத்தாளும் இப்டித்தான், தப்புன்னா யாரு எவருன்னு பாக்க மாட்டா. இது எம் புள்ளதான். இது ஓட்டுத வண்டிதான்.”

சொல்லிக்கொண்டே படத்தை விரலால் தடவினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். இந்த மனிதரைக் கல் நெஞ்சுக்காரர் என்று திட்டியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. மண்ணூருக்கு ஆள் அனுப்பினேன். பூமாரி ஓடிவந்து, அப்பாவைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர்தான் எழுந்துபோய் அவள் தலையில் கைவைத்தார்.

அன்றைக்குச் சுகப்பிரியாவுக்கு வேலை. அதே தடம். அதைக் கேட்டதும், அந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார் சுடலை. வேல்விழியும் நானும் சேர்ந்து எல்லோருமாகப் பழையசீவரம் போனோம். இந்தத் தடவை தண்டவாளத்துக்கு நன்றாகத் தள்ளி, மேட்டின் பின்பக்கம் நின்றோம். வேல்விழி கைகளைக் கட்டிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து மலையோரம் எஞ்சின் தலை தெரிந்தது. சுடலை உற்சாகத்தில் தோளில் கிடந்த துண்டை உருவினார்.

சிவப்புத் துண்டு.

பூமாரி பாய்ந்து அதைப் பிடுங்கி, கசக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வேல்விழி கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி தன்பாட்டுக்கு வந்தது. வலது பக்க ஜன்னலில் சுகப்பிரியா. அப்பா வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எஞ்சின் எங்களைத் தாண்டிப் போனது.

“திரும்பிப் பாக்கவே இல்லியே” என்றார் சுடலை.

“வேலையில இருக்காப்பா. பாக்க மாட்டா.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஆமா. பாக்கப்படாதுல்ல” என்றார். எங்கள் எல்லோருக்கும் அதை அவர் கற்றுக்கொடுப்பது போல இருந்தது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பூமாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேமராவைத் தூக்கினாள். வண்டியை எடுக்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவின் முகத்தை எடுத்தாள்.

கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகுதான் எழுந்து துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“பொங்கலுக்கு ரெண்டு பேரும் வாங்க. டிரைவருக்கு லீவு குடுப்பாகல்லா?”